வெயிலில் கட்டண இயந்திரத்தின் திரை தெரியவில்லையா? கார் கழுவும் நிலையங்களுக்கான கேள்வி பதில்கள்

காரில் அமர்ந்தபடியே கழுவும் திட்டத்தைத் தேர்ந்தெடுத்துப் பணம் செலுத்த வைக்கப்பட்டிருக்கும் இயந்திரத்தின் முன், ஓட்டுநர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஒரு கையைத் திரைக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டு மறு கையால் பொத்தானைத் தேடுகிறார் என்றால், அந்தத் திரை தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். அவர் தடுமாறும் நேரத்தில் பின்னால் வரிசை நீள்கிறது, வேண்டாத திட்டம் தேர்வாகிறது, பணம் பிடித்தமானதா இல்லையா என்ற தகராறு எழுகிறது. நிலையத்தை நடத்துபவர்கள், இயந்திரத்தை நிறுவுபவர்கள், திரையில் தோன்றும் பக்கங்களை வடிவமைப்பவர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன.

அறைக்குள் பளிச்சென்று தெரிந்த திரை வெளியே வைத்ததும் ஏன் மங்கிவிடுகிறது?

திரை மங்கவில்லை, அதைச் சுற்றியுள்ள உலகம் பலமடங்கு பிரகாசமாகிவிட்டது. அலுவலக அறையில் ஒரு பரப்பின் மேல் விழும் ஒளி 300 முதல் 500 லக்ஸ் வரை இருக்கும். மேகமூட்டமான பகலில்கூட வெளியே 10,000 லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் உண்டு. நேரடி வெயிலில் அது 1,00,000 லக்ஸை எட்டும். அந்த வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணின் பாவை சுருங்கியிருப்பதால், அறையில் போதுமானதாக இருந்த திரை வெளியே இருண்டு தோன்றுகிறது.

இதைவிடப் பெரிய காரணம் எதிரொளிப்பு. கண்ணாடியின் மேல் விழும் ஒளியில் ஒரு பகுதி திரும்பி வந்து, திரையின் ஒளியோடு கலந்து கண்ணை அடைகிறது. வெள்ளைப் பகுதியோடும் கறுப்பு எழுத்தோடும் அது ஒரே அளவில் சேர்வதால், கறுப்பு என்பது சாம்பல் நிறமாகி, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வேறுபாடு குறுகிவிடுகிறது. எழுத்தைப் படிக்க வைப்பது இந்த வேறுபாடுதான். திரை எவ்வளவு ஒளியை உமிழ்கிறது என்பது அந்தக் கணக்கின் ஒரு பாதி மட்டுமே.

அப்படியானால் அதிக நிட் (ஒளிர்வை அளக்கும் அலகு) உள்ள திரையை வாங்கினால் போதாதா?

பெரும்பாலானோர் முதலில் கேட்பது இதைத்தான். விற்பனையாளர்கள் முதலில் சொல்லும் தீர்வும் இதுதான். ஆனால் செலவும் வெப்பமும் அதிகம் தரும் இந்தத் தீர்வைக் கடைசியில் வைப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அதற்கான கணக்கை இங்கேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

தெளிவான நீல வானத்தின் ஒளிர்வை 5,000 நிட் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடிக்கும் காற்றுக்கும் இடையிலான ஒவ்வொரு எல்லையிலும் ஏறக்குறைய 4 சதவீத ஒளி திரும்புகிறது. சாதாரண இயந்திரத்தில் மேல் கண்ணாடியின் முன்பக்கம், அதன் பின்பக்கம், காற்று இடைவெளிக்கு அப்பால் உள்ள எல்.சி.டி. பேனலின் முகப்பு என மூன்று எல்லைகள் இருப்பதால் மொத்தம் 12 சதவீதம், அதாவது 600 நிட் அளவுக்கு வானம் திரையின் மேல் வந்து படிகிறது. திரை 300 நிட் உமிழ்ந்தால் வெள்ளைப் பகுதி 900 நிட்டாகவும் கறுப்புப் பகுதி 600 நிட்டாகவும் தெரியும். விகிதம் 1.5:1, அந்த நிலையில் எழுத்து இருப்பதே சிரமப்பட்டுத்தான் புலப்படும்.

இதே இயந்திரத்தில் திரையை மட்டும் மாற்றி 1,000 நிட் ஆக்கினால் விகிதம் ஏறக்குறைய 2.7:1 ஆகிறது. அதற்குப் பதிலாகப் பழைய 300 நிட் திரையையே வைத்துக்கொண்டு, உள்ளிருக்கும் காற்று இடைவெளியை நீக்கி எதிரொளிப்பை 4 சதவீதமாகக் குறைத்தால் விகிதம் 2.5:1. முன்பரப்பில் எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சும் சேர்ந்து அது 1 சதவீதமானால், அதே 300 நிட் திரை 7:1 தருகிறது. இணையப் பக்கங்களின் அணுகல்தன்மைக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. வழிகாட்டுதல் சாதாரண எழுத்துக்குக் குறைந்தபட்சம் 4.5:1 என்றும் பெரிய எழுத்துக்கு 3:1 என்றும் கேட்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க அது வசதியான அளவுகோல். பேனலுக்கு உள்ளே நிகழும் சிதறலை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதால் நடைமுறையில் எண்கள் சற்று இறங்கும், வரிசை மாறாது.

எதிரொளிப்பைக் கட்டுப்படுத்திய பிறகு பிரகாசத்தைக் கூட்டினால், கூட்டிய ஒவ்வொரு நிட்டும் வீணாகாமல் எழுத்துக்குப் போய்ச் சேரும். கூரை நிழலில் நிற்கும் இயந்திரத்துக்கு 700 முதல் 1,000 நிட் வரையும், வெயில் நேராக விழும் இடத்துக்கு 1,500 நிட் அல்லது அதற்கு மேலும் என்பது பொருத்தமான இலக்கு.

ஆப்டிகல் பாண்டிங் என்று சொல்கிறார்களே, அது என்ன? பழைய இயந்திரத்தில் செய்ய முடியுமா?

மேல் கண்ணாடிக்கும் எல்.சி.டி. பேனலுக்கும் இடையிலுள்ள காற்று இடைவெளியை, ஏறக்குறைய கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணையே கொண்ட தெளிவான பசையால் நிரப்புவதுதான் ஆப்டிகல் பாண்டிங். ஒளி ஒரு பொருளிலிருந்து அதே தன்மையுள்ள மற்றொரு பொருளுக்குச் செல்லும்போது திரும்புவதற்குக் காரணம் இல்லாமல் போவதால், உள்ளே இருந்த இரண்டு எதிரொளிக்கும் எல்லைகளும் மறைந்துவிடுகின்றன.

கார் கழுவும் நிலையத்துக்கு இதில் இன்னொரு பயனும் உண்டு. எப்போதும் ஈரம் நிறைந்த சூழலில், பகல் வெப்பத்துக்குப் பின் வரும் இரவுக் குளிரில், காற்று இடைவெளிக்குள் நீர்த்திவலைகள் படிந்து காலையில் திரை முழுவதும் பனி மூடியதுபோல் இருக்கும். இடைவெளியே இல்லாவிட்டால் அந்தத் தொல்லையும் இல்லை. கண்ணாடி அடிவாங்கும்போது பசை அடுக்கு தாங்கிக்கொள்கிறது என்பதும், பேனலின் வெப்பம் முன்புறம் வழியாக எளிதில் வெளியேறுகிறது என்பதும் கூடுதல் நன்மைகள்.

நிலையத்தில் வைத்து இதைச் செய்ய முடியாது. தூசியில்லாத அறையும், காற்றுக் குமிழி வராமல் ஒட்டுவதற்கான கருவிகளும் தேவை. ஒரே ஒரு தூசி உள்ளே சிக்கினாலும் அதைச் சுற்றிக் குமிழி நிற்கும். ஆகவே, ஏற்கெனவே ஒட்டி முடிக்கப்பட்ட கண்ணாடி, தொடுதிரை, பேனல் மூன்றும் சேர்ந்த தொகுதியை வாங்கி மாற்றுவதே நடைமுறை. வாங்கும்போது பசை புற ஊதாக் கதிரில் மஞ்சளாகாது என்பதையும், வெப்பத்தில் ஓரங்கள் பிரிந்து வராது என்பதையும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறுங்கள்.

ஆன்டி-ரிஃப்ளெக்டிவ், ஆன்டி-கிளேர் இரண்டும் ஒன்றுதானா?

இல்லை, இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான ஃபிலிமை ஒட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஆன்டி-ரிஃப்ளெக்டிவ் பூச்சு என்பது மிக மெல்லிய பல அடுக்குகளால் ஆனது. அந்த அடுக்குகளில் திரும்பும் ஒளியலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் எதிரொளிப்பின் அளவே குறைகிறது. நல்ல பூச்சில் ஒரு பரப்பின் எதிரொளிப்பு 1 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும்.

ஆன்டி-கிளேர் என்பது கண்ணாடியின் மேற்பரப்பை நுண்ணிய அளவில் சொரசொரப்பாக்குவது. திரும்பும் ஒளியின் மொத்த அளவு பெரிதாகக் குறைவதில்லை; அது பல திசைகளிலும் சிதறடிக்கப்படுவதால் எதிரே நிற்கும் காரின் வடிவமும் ஓட்டுநரின் முகமும் கண்ணாடியில் தெளிவாகத் தெரியாமல் போகின்றன. கூரைக்கு அடியில் இருக்கும் இயந்திரத்துக்கு இது உதவும். ஆனால் வெயில் நேராக விழும் திரையில், சிதறிய சூரிய ஒளி முழுப் பரப்பையும் வெண்மையாக்கி எழுத்தை மூடிவிடும். அத்தகைய இடத்தில் ஆன்டி-ரிஃப்ளெக்டிவ் பூச்சையே தேர்ந்தெடுங்கள். சொரசொரப்பு தேவையென்றால் மிக இலேசானதாக இருக்கட்டும்.

திரை உடையாமல் இருக்க முன்னால் ஓர் அக்ரிலிக் தகடு பொருத்தியிருக்கிறோம். அதனால் பாதிப்பு உண்டா?

உண்டு. தகட்டின் இரு பக்கங்களும் சேர்ந்து மேலும் 8 சதவீத எதிரொளிப்பைக் கொண்டுவருகின்றன. மேலே காட்டிய கணக்கில் அது 400 நிட். சில மாதங்களில் துடைத்த கோடுகளும் வெயிலின் மஞ்சளும் சேர்ந்துகொள்கின்றன. பாதுகாப்பு வேண்டுமென்றால், 5 ஜூல் மோதலைத் தாங்கும் ஐ.கே. 08 அல்லது 20 ஜூல் தாங்கும் ஐ.கே. 10 தரத்தில் கெட்டியான மேல் கண்ணாடியை வாங்கி, அதைப் பேனலோடு ஒட்டியே பெறுவதுதான் சரியான வழி. ஏற்கெனவே தகடு இருந்தால், வேறு எதைச் செய்வதற்கும் முன்பு அதைக் கழற்றிவிட்டு ஒரு நாள் பாருங்கள்.

இயந்திரத்தை எந்தத் திசையைப் பார்த்து, எந்தச் சாய்வில் வைக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை அடித்தளம் போடுவதற்கு முன்பு கேட்டால் ஏறக்குறைய செலவே இல்லாமல் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். கான்கிரீட் இறுகிய பிறகு கேட்டால், திரைக்கே பெருஞ்செலவு செய்ய வேண்டியிருக்கும்.

வட அரைக்கோளத்தில் திரையின் முகம் வடக்கு நோக்கியும், தென் அரைக்கோளத்தில் தெற்கு நோக்கியும் இருப்பது நல்லது. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் இரண்டுமே ஏற்கத்தக்கவை. கிழக்கும் மேற்கும்தான் கடினமானவை. மேற்கு நோக்கிய திரையின் மேல் மாலை வெயில் தாழ்வாக, ஏறக்குறைய நேருக்கு நேராக வந்து விழுகிறது. அதே இயந்திரத்தைக் காலையில் பார்ப்பவரின் கண்ணுக்கு நேரே, இயந்திரத்தின் பின்னால் சூரியன் நிற்கிறது. ஆக ஒரே நாளில் இரண்டு வேளையும் கெட்டுப்போகின்றன.

சாய்வைப் பொறுத்தவரை நினைவில் வைக்க வேண்டிய விதி, திரையை எத்தனை டிகிரி சாய்க்கிறோமோ அதைப்போல் இரண்டு மடங்கு எதிரொளிப்பின் திசை மாறும் என்பதே. கண்ணுக்கு நேரான உயரத்தில் உள்ள திரையை 15 டிகிரி பின்னோக்கிச் சாய்த்தால், ஓட்டுநர் அதில் காண்பது அடிவானத்துக்கு 30 டிகிரி மேலேயுள்ள வானத்தை. செங்குத்தாக நிறுத்தினால் அவருடைய காரின் பக்கவாட்டையும் நிழலான உட்புறத்தையும் காண்பார். சற்று முன்னோக்கிச் சாய்த்தால் கார்க் கதவும் தரையும் தெரியும். வெயில் படாத கதவும் ஈரமான தரையும் வானத்தைவிடப் பலமடங்கு இருண்டவை என்பதால் திரை உடனே தெளிகிறது.

உயரமும் இதே கணக்கில் வருகிறது. தாழ்வான காரில் அமர்ந்திருப்பவர் திரையை நிமிர்ந்து பார்க்கும்போது, செங்குத்தான திரையும் அவருக்கு வானத்தையே காட்டும். சாதாரணக் காரில் ஓட்டுநரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 1.1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திரையின் மையத்தை அந்த அளவில் வைத்தால், உயரமான வண்டியில் வருபவர்கள் சற்றே குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். அது அவர்களுக்கு நன்மையே, ஏனெனில் குனிந்து பார்ப்பவருக்குத் திரை தரையை எதிரொளிக்கிறது. அந்தக் கோணத்திலும் நிறம் மாறாமல் தெரிய ஐ.பி.எஸ். வகைப் பேனல் வேண்டும். மலிவான டி.என். வகைப் பேனலை ஒரு குறிப்பிட்ட பக்கத்திலிருந்து பார்த்தால் நிறங்கள் தலைகீழாகிவிடும்.

திரைக்கு மேல் மறைப்பு வைத்தால் போதுமா? அதை எப்படி அமைப்பது?

உச்சி வெயிலுக்கு மேல் மறைப்பு போதும். காலை மாலை வெயிலுக்குப் பக்க மறைப்புகளும் தேவை. மறைப்பின் உட்புறம் பளபளப்பில்லாத கறுப்பாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எஃகுத் தகட்டை வளைத்து அப்படியே பொருத்தினால், அதன் பளபளக்கும் உட்பக்கமே வெயிலை வாங்கித் திரையின் மேல் கொட்டும். திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்கும் இது பொருந்தும்: மெருகேற்றிய எஃகுச் சட்டம் கண்ணைக் கூசச்செய்து, அருகிலுள்ள எழுத்தை மேலும் இருளச்செய்கிறது. மறைப்பின் நீளத்தை முடிவுசெய்யும் முன், உயரமான வண்டியின் ஓட்டுநர் பார்வையை அது மறைக்கிறதா என்று காரில் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். கார்டு செருகும் கையும் பக்கவாட்டுக் கண்ணாடியும் அதில் இடிக்கக் கூடாது.

நண்பகலில் திரை தானாகவே மங்குகிறது; சில நாள்களில் கறுப்புத் திட்டுகளும் வருகின்றன. பழுதா?

இரண்டும் வெப்பத்தின் விளைவுகள், ஆனால் வெவ்வேறானவை. பல வெளிப்புறத் திரைகளில் பின்னொளி எல்.இ.டி.கள் அளவுக்கு மீறிச் சூடானால் மின்னோட்டத்தைத் தானாகக் குறைக்கும் பாதுகாப்பு உண்டு. அதிக நிட் என்றால் அதிக மின்சாரம், அதிக மின்சாரம் என்றால் அதிக வெப்பம். அதன் மேல் சூரியன் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் வீதம் சேர்த்துக் கொட்டுகிறது. ஆகவே பிரகாசம் மிகவும் தேவைப்படும் வேளையில்தான் திரை தன் பிரகாசத்தைக் குறைத்துக்கொள்கிறது. மூடிய பெட்டிக்குள் வெறும் நிட்டை மட்டும் உயர்த்தியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள். பெட்டிக்கு வெளிர் நிறம் பூசுவது, பின்புறம் நிழல் தகடு வைப்பது, காற்றுவடிகட்டியை மாதந்தோறும் சுத்தம்செய்வது, விசிறி சுற்றுகிறதா என்று பார்ப்பது ஆகியவற்றால் இது குறையும்.

கறுப்புத் திட்டு என்பது திரவப் படிகமே தன் நிலை மாறுவதால் வருவது. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேல் அதன் மூலக்கூறுகள் ஒழுங்கை இழந்து சாதாரணத் திரவம்போல் ஆகிவிடுவதால், அந்த இடத்தில் படம் மறைகிறது, குளிர்ந்ததும் திரும்புகிறது. சாதாரணப் பேனல்களில் இந்த எல்லை 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை. வெளிப்புறப் பயன்பாட்டுக்கென்றே செய்யப்படுபவற்றில் 110 டிகிரி வரை உண்டு. அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் அடுக்கு கொண்ட மேல் கண்ணாடியும் உதவும். திட்டு திரும்பத் திரும்ப வருவதை அலட்சியப்படுத்தாதீர்கள். அந்த வெப்பம், ஒளியை ஒரே தளத்தில் அதிரச்செய்யும் போலரைசர் ஃபிலிமையும் பசையையும் சேர்த்தே கெடுத்துக்கொண்டிருக்கும்.

கூலிங் கிளாஸ் அணிந்தவர்கள் திரை அணைந்திருக்கிறது என்கிறார்களே?

அவர்கள் சொல்வது உண்மை. எல்.சி.டி. திரையிலிருந்து வரும் ஒளி ஒரே தளத்தில் அதிர்வது. போலரைஸ்டு வகைக் கூலிங் கிளாஸ் செங்குத்தாக அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடுகிறது. திரையின் ஒளி கிடைமட்டமாக அதிர்ந்தால் அணிந்தவருக்கு முழுக் கறுப்பே தெரியும். அகலவாட்டில் நன்றாகத் தெரிந்த பேனலை நெடுவாட்டில் திருப்பிப் பொருத்தியதும் இந்தக் குறை முளைக்கலாம். 90 டிகிரி திருப்பும்போது ஒளியின் அதிர்வுத் தளமும் திரும்பிவிடுகிறது. வெயிலில் கார் ஓட்டுபவர்களே கூலிங் கிளாஸை அதிகம் அணிகிறார்கள் என்பதால் இந்தக் குறையைச் சிறியதாக எண்ண வேண்டாம். ஒளியின் அதிர்வை ஒரே தளத்தில் நிற்காமல் சுழலச்செய்யும் கால் அலை ரிடார்டர் ஃபிலிம் சேர்த்த பேனல், அல்லது ஒளி 45 டிகிரி சாய்ந்த தளத்தில் அதிர்ந்து வெளிவரும் பேனல் இதைத் தீர்க்கும். வாங்குவதற்கு முன் அத்தகைய கண்ணாடியை அணிந்து, தலையை இருபுறமும் சாய்த்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

பகலுக்காகக் கூட்டிய பிரகாசம் இரவில் கண்ணைக் கூசுகிறதே?

ஒளி உணரி வைத்துத் தானாகக் குறையும்படி அமைக்க வேண்டும்; இருட்டில் 100 முதல் 200 நிட் போதுமானது. உணரியைத் திரையின் அதே முகத்தில் வையுங்கள். மறைப்பின் நிழலுக்குள் அது ஒளிந்துகொண்டால் நண்பகலை மாலை என்று எண்ணித் திரையை மங்கச்செய்யும். காரின் முகப்பு விளக்கு படும் இடத்தில் இருந்தால் இரவில் திடீரெனப் பொங்கும். மாற்றம் சில வினாடிகளில் மெதுவாக நிகழட்டும். இரவில் குறைத்து ஓடும் பின்னொளியின் ஆயுளும் நீள்கிறது.

திரையில் தோன்றும் பக்கங்களை மாற்றினால் பயன் இருக்குமா?

நிச்சயமாக இருக்கும், எந்த உதிரிபாகமும் வாங்காமல் செய்யக்கூடியவற்றுள் முதலிடம் இதற்கே. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்ற அமைப்பு அறையில் அழகாக இருக்கும். வெயிலிலோ அந்தக் கறுப்புப் பரப்பு முகம் பார்க்கும் கண்ணாடியாகி வானத்தையும் காரையும் காட்டும். வெள்ளை அல்லது மிக வெளிர்ந்த பின்னணியில் கறுப்பு எழுத்தை வைத்தால் திரையின் பெரும்பகுதி முழு ஒளியை உமிழ்வதால் எதிரொளிப்புகள் அதில் அமுங்கிவிடுகின்றன.

அடுத்தது எழுத்து. 80 சென்டிமீட்டர் தொலைவில் ஓர் எழுத்தை வசதியாகப் படிக்க ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் உயரம் வேண்டும் என்பது உள்ளரங்கக் கணக்கு. வெயிலுக்கு அதை இரட்டிப்பாக்கி 10 மில்லிமீட்டராக வையுங்கள். தமிழ் எழுத்துகளில் சுழிகளும் புள்ளிகளும் மிகுதி என்பதால், கோடு மெலிந்த எழுத்துருவில் முதலில் மறைவது புள்ளியே; அப்போது ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். சற்றுத் தடித்த, உள்வெளி விரிந்த எழுத்துருவைப் பயன்படுத்துங்கள்.

சாம்பல் மேல் சாம்பல், வெளிர் நீலப் பொத்தான், மென்மையான நிழல் போன்ற நயங்கள் வெயிலில் ஒன்றுமே இல்லாமல் கரைந்துபோகும். தேர்ந்தெடுத்த திட்டத்தை நிறத்தால் மட்டும் காட்டாமல் தடித்த கட்டத்தாலும் சரிக்குறியாலும் காட்டுங்கள். ஒரு பக்கத்தில் மூன்று அல்லது நான்கு பெரிய பொத்தான்களுக்கு மேல் வேண்டாம். பணம் ஏற்கப்பட்டதைத் திரையோடு நிறுத்தாமல் ஒலியாலும் பெரிய பச்சை விளக்காலும் தெரிவித்தால், திரையைச் சரியாகக் காணாதவரும் வண்டியை நகர்த்தத் தயங்க மாட்டார்.

இங்கே இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். அச்சிட்ட பலகைக்கு வெயில் நண்பன். வெளிச்சம் கூடக்கூட அது நன்றாகத் தெரியும். திட்டங்களின் பெயர், கட்டணம், கார்டை எந்தப் பக்கம் செருகுவது போன்ற மாறாத செய்திகளையெல்லாம் திரையிலிருந்து எடுத்து, பளபளப்பில்லாத பலகையில் அச்சிட்டு, வரிசையில் காத்திருக்கும்போதே கண்ணில் படும்படி வைத்துவிட்டால், திரைக்கு மிஞ்சும் வேலை மிகக் குறைவு.

கார்டு இயந்திரத்தின் சிறிய திரைக்கும் ஃபிலிம் ஒட்டலாமா?

ஒட்டாதீர்கள், திறக்கவும் வேண்டாம். ரகசிய எண்ணை உள்ளிடும் கருவி பி.சி.ஐ. பி.டி.எஸ். என்ற பாதுகாப்புத் தரத்தின்கீழ் சான்றளிக்கப்படுவது. யாரேனும் திறக்க முயன்றால் உள்ளிருக்கும் ரகசியச் சாவிகளைத் தானே அழித்துவிட்டுச் செயலிழக்கும்படி அது வடிவமைக்கப்பட்டுள்ளது. மேலே ஒட்டிய ஃபிலிமோ உறையோ, கார்டு விவரங்களைத் திருடுவதற்கான போலி மூடிபோலவும் தோன்றும். அந்தக் கருவிக்கு நிழல் மட்டும் கொடுங்கள். தொகையையும் அடுத்த படியையும் பெரிய திரையில் காட்டுங்கள்.

தண்ணீரும் சோப்புத் துளியும் எந்த அளவுக்குக் கெடுக்கின்றன?

எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே கெடுக்கின்றன. கடின நீர் காய்ந்து விட்டுச்செல்லும் சுண்ணாம்புப் புள்ளிகளும் சோப்புப் படலமும் நிழலில் கண்ணுக்கே தெரியாது. வெயில் சாய்வாக விழுந்ததும் ஒவ்வொரு புள்ளியும் ஒளியைச் சிதறடித்துத் திரை முழுவதையும் வெள்ளையாக்கும். உயர்ந்த பூச்சு பூசிய கண்ணாடியும் அழுக்கானால் சாதாரணக் கண்ணாடிதான். தினமும் காலையில் திறக்கும்போது, தூசியை முதலில் சுத்தமான நீரால் கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் மென்மையாகத் துடைக்க வேண்டும். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் சில பூச்சுகளையும் ஃபிலிம்களையும் பாழாக்கும். சக்கரம் கழுவும் சில திரவங்களில் உள்ள அம்மோனியம் பைஃபுளோரைடு கண்ணாடியையே அரிக்கக்கூடியது. அதன் சாரல் படும் தொலைவில் இயந்திரம் நிற்கக் கூடாது.

நீர்ப் பீய்ச்சலைத் தாங்க ஐ.பி. 65 தரம் குறைந்தபட்சத் தேவை. அந்தத் தரம் உண்டு என்பதற்காக உயரழுத்தக் குழாயைத் திரையின் மேல் திருப்பக் கூடாது. தொடுதிரையின் மேல் நிற்கும் துளிகளை விரல் என்று எண்ணித் தானாகத் தேர்வு செய்யாதபடி, அதன் கட்டுப்பாட்டுச் சில்லு ஈரத்துக்கேற்பச் சரிசெய்யப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

ஓ.எல்.இ.டி., இ-பேப்பர் போன்றவை இதற்குப் பொருந்துமா?

இ-பேப்பர் வெயிலில் அச்சுத்தாளைப்போல் தெரியும். மெதுவாகவே மாறும் என்பதால் கட்டணப் பலகைக்குப் பொருந்தும், தொட்டுத் தேர்வதற்குப் பொருந்தாது. ஓ.எல்.இ.டி.யில் நாள் முழுதும் ஒரே பொத்தான் ஒரே இடத்தில் நின்றால் அதன் தடம் நிரந்தரமாகப் பதிந்துவிடும். வெளியொளியையே வாங்கித் திருப்பிக் காட்டும் டிரான்ஸ்ஃப்ளெக்டிவ் எல்.சி.டி. வெயிலில் குறைந்த மின்சாரத்தில் தெளிவாக இருக்கும். நிறங்கள் வெளிறியே தெரியும் என்பதால், தொகையும் இரண்டொரு வரிச் செய்தியும் மட்டும் காட்டும் சிறு திரைகளுக்கு அது நல்ல தேர்வு.

வாங்குவதற்கு முன் எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

விவரத்தாளில் உள்ள நிட் அளவு வெறும் பேனலுக்கா, தொடுதிரையும் மேல் கண்ணாடியும் பொருத்திய பிறகு அளந்ததா என்று முதலில் கேளுங்கள். அழுத்தினால் இயங்கும் பழைய ரெசிஸ்டிவ் தொடுதிரை அடுக்கு ஒன்றே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஒளியை விழுங்கிவிடும். விவரத்தாளில் காணும் 1000:1 என்ற கான்ட்ராஸ்ட் விகிதம் இருட்டறையில் அளந்தது. வெயிலைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. எதிரொளிப்புச் சதவீதத்தைக் கேளுங்கள். அதைச் சொல்ல முடியாத விற்பனையாளரிடம் மாதிரித் திரை ஒன்றை இரவலாகக் கேட்டுப் பெறுங்கள்.

மாதிரியை இயந்திரம் நிற்கப்போகும் அதே இடத்தில், அதே உயரத்தில் வைத்து, காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் பார்க்க வேண்டும். வெண்மேகம் நிறைந்த வானம் தெளிவான நீல வானத்தைவிடப் பிரகாசமாக எதிரொளிக்கும் என்பதால் மேகமூட்டமான நாளையும் விட்டுவிடாதீர்கள். தாழ்ந்த காரிலும் உயர்ந்த வண்டியிலும் அமர்ந்து, எதிரே வெள்ளை நிறக் கார் நிற்கும்போதும், திரையில் நீர் தெளித்த பிறகும், கூலிங் கிளாஸ் அணிந்தும் பாருங்கள். கைபேசியில் படம் எடுத்து ஒப்பிடுவது ஏமாற்றும். கேமரா தன் ஒளி அளவைத் தானே மாற்றிக்கொள்கிறது. அந்த இயந்திரத்தை இதற்கு முன் பார்த்திராத வயதான ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தி, எதுவும் சொல்லாமல் ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுத்துத் தொகையைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தலையை வெளியே நீட்டாமல், கையை மறைப்பாகப் பிடிக்காமல் அதைச் செய்துமுடித்தால் அந்தத் திரையை வாங்கலாம்.